ஆறு டன் தொட்டி

சேற்றுத் தொட்டியின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டால் கொட்டை எழுத்தில் ‘6 டன்’ என்று எழுதியிருந்தது. கிரேனின் திரை 8.4 என்றது.

“எங்கோஸ், கீழ இறக்கிட்டேன், ஏறிப் பாரு. உள்ள யாராவது படுத்துத் தூங்குறாங்களா?” என்று வாக்கிடாக்கியில் கேட்டாள் நினிங். கிரேன் ஓட்டுபவள் அவள்தான். என்னைவிட எட்டு வயது மூத்தவள், அதனால் எனக்குத் தெத்தே, அதாவது அக்கா. கீழே நின்று அவளுக்குக் கைச்சாடை காட்டுவது என் வேலை.

ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த சட்டிபோலத் தொட்டி காலியாக இருந்தது.

“ஒண்ணுமில்ல தெத்தே. ஒரு தவளைகூட இல்ல.”

“அப்ப என் திரை பொய் சொல்லுதா?”

காரூத் மலைமேல், பூமிக்கடியில் இருக்கும் நீராவிக்காகக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தோம். ஆயிரத்து இருநூறு மீட்டர் போனதும் ரிக் என்ற துளையிடும் எந்திரத்தை நிறுத்தி, தொட்டியை மறுபக்கம் மாற்றச் சொல்லியிருந்தார் ரிக் தலைவர் பாக் துமாங்கோர். பாக் என்றால் ஐயா. அவர் சுமத்ராக்காரர். சாதாரணமாகப் பேசினாலே மெல்லப் பேசும் எங்கள் சுந்தா ஆட்களுக்குத் திட்டுவதுபோல இருக்கும்.

எடையைச் சரிபார்ப்பதற்கென்றே முற்றத்தில் ஐந்து டன் கான்கிரீட் கட்டை ஒன்று கிடந்தது. நினிங் கொக்கியை அதற்கு மாட்டச் சொல்லித் தூக்கினாள். திரை 5.0 காட்டியது.

“திரை சரியாத்தான் இருக்கு. தொட்டிதான் புளுகுது,” என்றாள்.

அதற்குள் துமாங்கோர் வந்துவிட்டார். “நாப்பது டன் தூக்குற கிரேன்! ஆறுக்கும் எட்டுக்கும் என்னம்மா பஞ்சாயத்து?”

நினிங் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “கையை மடக்கி வச்சாத்தான் நாப்பது, பாக். அந்தப் பக்கம் எட்டணும்னா கையை நீட்டணும். நீட்டினா ஏழரைதான் தாங்கும். அதுக்கு மேல போனா அலாரம் கத்தும், கிரேன் தானா நின்னுடும்.”

“அலாரத்தை அடக்குற சாவி என்கிட்ட இருக்கு.”

“இருக்கட்டும் பாக். அப்படியே இந்த சீட்டுல உக்கார வேற ஆளையும் பாத்துடுங்க.”

சுற்றி நின்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். துமாங்கோர் சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். கோபம் போகவில்லை. ஆனாலும் அவர் பார்வை தொட்டியை விட்டு அகலவில்லை.

“சரி. அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?”

“ஒரு முழம் மட்டும் தூக்கிப் பாக்குறேன். கையை நீட்டாம,” என்றாள் நினிங்.

எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னேன். தொட்டியின் மூலையில் கட்டிய நீளக் கயிற்றைத் தூரத்திலிருந்தே பிடித்துக்கொண்டேன். நாலு சங்கிலியும் விறைத்தன. தொட்டி தரையை விட்டு மட்டமாக எழுந்து நின்றது. பத்து எண்ணியிருப்பேன், இடது மூலை மெல்லத் தாழ்ந்தது. காற்று துளியும் இல்லை. கயிற்றை லேசாக இழுத்தேன். இடது மூலை எழுந்தது, கொஞ்ச நேரம் கழித்து வலது மூலை தாழ்ந்தது. உள்ளே யாரோ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பதுபோல இருந்தது.

அந்த வேடிக்கையில் நான் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். துமாங்கோர் குனிந்து, தொங்கும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக்! தலையை வெளிய எடுங்க! இப்பவே!”

என் வாயிலிருந்து வந்த சத்தம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவரிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. அவர் நிமிர்ந்து நாலடி பின்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது. வேலை போச்சு, மூட்டையைக் கட்டிச் சாயங்கால வண்டி ஏற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “நீ கத்துனது சரிதான்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “டேய், உள்ள களக் களக்னு சத்தம் கேக்குதுடா,” என்றார்.

மரக்கட்டைகளை அடுக்கி அவற்றின் மேல் தொட்டியை இறக்கி, சங்கிலி தளர்ந்த பிறகுதான் ஆளை நெருங்க விட்டேன். துமாங்கோர் முதல் ஆளாகச் சுத்தியலோடு போய்த் தட்டினார். மேலே தட்டினால் ‘டங்’ என்று கேட்டது. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் ‘தொப்’ என்றது. பெயின்டைச் சுரண்டிக்கொண்டே போனபோது ஒரு திருகு அடைப்பான் தட்டுப்பட்டது. இத்தனை வருஷமாக யாரும் அதைப் பார்த்ததில்லை. திறந்ததும் கூழ் நிறத்தில் தண்ணீர் பீறிட்டது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. எல்லோரும் தள்ளிப் போய் நின்றோம். முழுவதும் வடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

விஷயம் இதுதான். எப்போதோ பழைய தரை துருப்பிடித்திருக்கிறது. கிழிந்த பாய்மேல் புதுப்பாய் விரிப்பதுபோல, எவனோ அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு இரும்புத் தகட்டைப் பற்றவைத்திருக்கிறான். பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தது. மழைநீரும் சேற்று நீரும் அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, இரண்டு தரைக்கும் நடுவே குடியிருந்திருக்கின்றன.

மறுபடி தூக்கிப் பார்த்தபோது திரை 6.9 காட்டியது.

“இன்னும் தொள்ளாயிரம் கிலோ எங்கேர்ந்து வருது?” இப்போது துமாங்கோருக்குத்தான் பொறுக்கவில்லை.

நினிங் சிரித்தாள். “புதுத் தகடு, பாக். தரையைப் போட்டவன் எழுத்தை மாத்த மறந்துட்டான்.”

பன்னிரண்டரைக்குத் தொட்டியை மறுபக்கம் வைத்தாள், முட்டையை வைப்பதுபோல. துமாங்கோரே தூரிகையை எடுத்து ஆறை அழித்து 6.9 என்று எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது.

அதன்பிறகு அவருக்கு ஒரு பித்துப் பிடித்துவிட்டது. நேரம் கிடைத்தபோதெல்லாம் முற்றத்திலிருந்த பெட்டி, பம்பு, கூடை எல்லாவற்றையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். பதினோரு சாமான்களின் எடை எழுத்தோடு ஒத்துவரவில்லை. கடைசியில் அவர் தங்கும் இரும்பு அறையையே தூக்கினோம். அதுவும் முன்னூறு கிலோ கூடுதலாக இருந்தது.

“பாக், உங்க அறைக்கும் ரெண்டு தரையா?” என்றாள் நினிங்.

அவர் காதைச் சொறிந்தார். அறையை இறக்கியதும் உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து மரப்பெட்டிகளை இழுத்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் தோண்டிய ஒவ்வொரு கிணற்றின் ஆழத்திலிருந்தும் எடுத்த கற்கள். பச்சை, கருப்பு, ரத்தச் சிவப்பு. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரும் ஆழமும் எழுதி ஒட்டியிருந்தது. நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம்.

“நம்ம கிணத்துக் கல் எது?” என்று கேட்டேன்.

“இன்னும் எடுக்கலடா. ரெண்டாயிரம் மீட்டர் போகட்டும். அங்க என்ன நிறத்துல இருக்கும்னு எனக்கே தெரியல.”