எட்டுக் குரல், மூன்று மாப்பிள்ளைகள்

என் காதைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாதுதான். வேறு யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த தெருவில் எறும்பு தும்மினால் இங்கே எனக்குச் சளி பிடிக்கும், அப்படிப்பட்ட காது. பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவன் நான். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே எந்த பேரிங் இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று ஜாதகம் சொல்வேன். பெரிய இன்ஜினியர்கள் கைகட்டி நிற்பார்கள். சரி, கைகட்டவில்லை. நின்றார்கள், அது உண்மை.

ஓய்வு பெற்றபின் அந்தக் காதுக்கு வேலையில்லை. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் சரியில்லை என்று சுவர் வழியாகவே கண்டுபிடித்துச் சொன்னேன். அவர்கள் நன்றி சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான், சின்னதாக எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி மூன்று பெட்டிகளோடு வந்தான்.

"அத்தான், உங்க காதுக்குத் தீனி கொண்டாந்திருக்கேன். மூணு ஹெட்ஃபோன். ரொம்ப விலையும் இல்ல, ரொம்ப மட்டமும் இல்ல. எது எந்தப் பாட்டுக்கு எடுக்கும்னு கேட்டுச் சொல்லுங்க. பிடிச்சத வெச்சுக்கங்க, மத்த ரெண்டையும் கீறல் விழாமத் திருப்பிடுங்க."

"என்னடா இது, முதுகெல்லாம் ஓட்டையா இருக்கு? எலி கடிச்சுதா?"

"எலியும் இல்ல, புலியும் இல்ல. மூணுமே திறந்த மாடல். கிண்ணத்தோட வெளிப்பக்கம் மூடாம வலை மட்டும் போட்டிருப்பாங்க. சத்தம் உள்ள அடைபட்டு நிக்காம காத்தாடப் போகும். ஜன்னல் திறந்து வெச்ச ரூம் மாதிரி. பஸ்ல மட்டும் போட்டுக்காதீங்க, பக்கத்துல இருக்கறவனுக்கும் கச்சேரிதான்."

மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக உட்காரவைத்தேன். எங்களுக்குப் பெண் குழந்தை கிடையாது. மாப்பிள்ளை பார்த்து நொட்டைச் சொல் சொல்லும் பாக்கியம் இந்த ஜென்மத்தில் இல்லையே என்று இருந்தவனுக்கு ஒரே நேரத்தில் மூன்று பேர்! கறுப்பு, மூத்த மாப்பிள்ளை. பழுப்பு, நடு மாப்பிள்ளை. வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தவன் கடைக்குட்டி.

மூத்தவன் கறாரான ஆள். எதையும் மறைக்கத் தெரியாது. தனி வயலினைப் போட்டால் வில் நரம்பில் ஏறுவது, இறங்குவது, வாசிக்கிறவர் மூக்கால் மூச்சு விடுவது எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் சொல்லிவிடுவான். ஆனால் ட்ரம்பெட் வந்ததோ, காதில் ஊசி. 'ச' வருகிற இடமெல்லாம் பாடகி பாம்பாகிவிடுவாள்.

நடு மாப்பிள்ளை நேர் எதிர். கம்பளி போர்த்திய மாதிரி ஒரு கதகதப்பு. பழைய சினிமாப் பாட்டுக்கு, தாலாட்டுக்கு, ட்ரம் அடிக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. ட்ரம் அடித்தால் என் தொப்பை அதிர்ந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தே போயிற்று. ஆனால் முப்பது பேர் வாசிக்கிற இசையைக் கொடுத்தால், அத்தனை பேரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து நெருக்கிவிடுவான்.

கடைக்குட்டி ஜம்பக்காரன். வீடு சின்னதென்றாலும் ஹால் பெரிதாக இருக்கவேண்டும் என்கிற ரகம். பெரிய ஆர்கெஸ்ட்ராவைப் போட்டால் புல்லாங்குழல் பக்கத்துத் தெருவில், செல்லோ ஆற்றுக்கு அக்கரையில். ட்ரம் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி.

இதையெல்லாம் மனைவியிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பின்னால்தான் சமையலறை, நடுவில் சாப்பாடு நீட்டுகிற சிறு ஜன்னல். அவள் அதன் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏங்க, அந்தக் கறுப்புல வில்லோட முடி உரசறதுகூடக் கேக்குதுன்னு சொன்னீங்களே, நிஜமா?"

"முடி என்ன முடி, அந்த முடிக்குச் சொந்தக்காரக் குதிரை கனைக்கறதே கேக்குது!"

அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்படின்னா எங்க பாட்டைப் போட்டுக் கேளுங்க. நான் துருத்திக்கிட்டு நிக்கறேனான்னு சொல்லுங்க."

என் சிரிப்பு நின்றது.

கல்யாணமான புதிதில் அவள் சினிமாப் பாட்டுகளுக்குக் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். எட்டுப் பெண்கள், ஒரே மைக். ஷிஃப்ட் முடிந்ததும் நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போவேன். வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு கிடக்கும். வளையல் சத்தம் மைக்கில் விழும் என்று எல்லோரும் வளையலைக் கழற்றி ஒரு டிபன் மூடியில் குவித்திருப்பார்கள். ஃபேன் ஓடக் கூடாது. வியர்த்து வழிய அரைவட்டமாக நிற்பார்கள்; உயரமானவர்கள் பின்னால், என் மனைவி மாதிரிப் பொடிசுகள் முன்னால். முடித்து வெளியே வரும்போது டிபன் மூடியிலிருந்து யாருடைய வளையலையோ யாரோ போட்டுக்கொண்டு வருவார்கள். என் மனைவி தன்னுடைய நான்கு வளையலை ஒருநாளும் சரியாகக் கொண்டுவந்ததில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வருவாள். அந்த நாட்களில் எனக்கு மேடே கிடையாது, எல்லா ரோடும் இறக்கம்தான்.

கோரஸில் ஒரே ஒரு சட்டம். எட்டுப் பேரும் ஒரே ஆளாகக் கேட்கவேண்டும். எவள் குரலாவது தனியாகத் தெரிந்தால் அவள் பாடத் தெரியாதவள்.

கடைசியாக அவள் பாடிய பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு நீளமான 'ஆ' வரும். ஒத்திகை நன்றாகப் போயிற்று. பதிவு செய்யும்போது கோரஸ் மாஸ்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கினார். "ஒரு குரல் துருத்துது," என்றார். யாரென்று சொல்லவில்லை. மறுபடி பாடினார்கள். "சரி, போதும்," என்றார். அப்புறம் அவளைக் கூப்பிடவேயில்லை. அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். இத்தனை வருஷமும் அந்தத் துருத்திய குரல் தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா என்று எதிலும் சந்தேகப்படாதவள், இதில் மட்டும்.

"விடும்மா, எந்தக் காலத்துக் கதை."

"உங்களுக்குக் கதை. நான் அங்க நின்னவ. தெரிஞ்சுக்கணும். பொய் சொல்லாம சொல்லுங்க. நான் கடைக்குப் போயிட்டு வரேன், இங்க இருந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூத்த மாப்பிள்ளையை மாட்டினேன். பாட்டின் நல்ல பதிவு ஒன்றைத் தேடிப் போட்டேன். 'ஆ' வந்தது. எட்டுக் குரலையும் பல்லிடுக்கு வரை பார்த்தேன். எல்லாம் ஒரே நூலாக ஓடியது. நடுவனை மாட்டினேன். எட்டும் தேனில் ஊறிக் கிடந்தன, பிரிக்கவே முடியவில்லை. எனக்குள் ஒரு துள்ளல். மூன்றாவதைப் பார்த்துவிட்டால் தீர்ப்பு எழுதிவிடலாம். கடைக்குட்டியை மாட்டி, சத்தத்தைக் கடைசி வரை திருகினேன். கண்ணை மூடினேன்.

'ஆ' தொடங்கியது. கேட்டது.

என் மனைவியின் குரல். இடதுபக்கம், தோளுக்குக் கொஞ்சம் பின்னால். மற்ற ஏழும் முன்னால் கும்பலாக நிற்க, இது மட்டும் தனியாக, காதில் மூச்சு படுகிற மாதிரி. திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே இடத்தில். நூறு மோட்டார் ஓடினாலும் கெட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடிக்கிற காது என்று பீற்றினேனே, அந்தக் காதை அறுத்து எறியலாம் போல இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். திரும்பினால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கையில் கத்தி, பலகையில் வெங்காயம்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணும் துருத்தல. நல்லா இருக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதானா?"

"ஆமா. நல்லா இருக்கு."

"கொசுவை யானைன்னு சொல்ற மனுஷன் நீங்க. துருத்தாம இருந்தா, எட்டுத் தேவதையும் எறங்கி வந்து வீட்டக் கூட்டிப் பெருக்கிட்டுப் போனாங்கன்னு சொல்லியிருப்பீங்க. வெறும் 'நல்லா இருக்கு'ன்னா நான்தான்."

குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

அவள் வந்து எதிரில் உட்கார்ந்து, ஈரக் கையோடு கடைக்குட்டியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். "போடுங்க."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். வலை வழியாகப் பாட்டு எனக்கும் கொசு ரீங்காரம் மாதிரிக் கேட்டது. 'ஆ' வரும் இடம் நெருங்கியது. வந்தது. அவள் முகம் அப்படியே சுருங்கியது.

"கேக்குது. நான்தான். எவ்வளவு தனியா..."

ஆனால் அதற்குள் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தேன். ஏனென்றால் எனக்கும் கேட்டது. ஹெட்ஃபோனிலிருந்து இல்லை, எதிரில் உட்கார்ந்திருந்த அவள் தொண்டையிலிருந்து.

"அடியே, நீ பாடுறே!"

"நான் எங்க பாடுறேன்? வாயே திறக்கல!"

"இந்தத் தொண்டையில ஓடுற சத்தம் என்ன, பம்ப்பா? அப்பவும் நீதான்! கடையிலேர்ந்து வந்து அந்த ஜன்னல்ல நின்னு வெங்காயம் நறுக்கிக்கிட்டே பாடியிருக்கே. என் இடது தோளுக்குப் பின்னாலதான் ஜன்னல்! உன் தம்பிதானே சொன்னான், ஜன்னல் திறந்து வெச்ச ரூம்னு. ஜன்னல்னா உள்ள இருக்கறது வெளிய போறது மட்டுமா? வெளிய இருக்கறது உள்ள வராதா?"

"எனக்கே தெரியாம நான் பாடுவேனாக்கும்!"

நம்பவில்லை. நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். "வாய் நிறைய ஊத்திக்கோ. முழுங்காதே. இப்போ கேளு."

கன்னம் இரண்டும் பூசணியாக உப்ப, என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மறுபடி பாட்டைப் போட்டேன். 'ஆ' தொடங்கியது. அவள் புருவம் தூக்கிக்கொண்டது. கண்ணைத் திறந்தாள். இடதுபக்கம் தலையைச் சாய்த்தாள், வலதுபக்கம் சாய்த்தாள், வீட்டில் தொலைந்த எதையோ தேடுகிற மாதிரி. 'ஆ' முடிகிறவரை தேடினாள். முடிந்தது. விரலால் 'இன்னொரு தடவை' என்று காட்டினாள். மறுபடி போட்டேன். மறுபடி தேடினாள். கிடைக்கவில்லை. அந்தக் கிடைக்காத சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததே, வாயிலிருந்த தண்ணீர் அத்தனையும் கொட்டியது. என் மேல், மேசை மேல், நெஞ்சில் தொங்கிய ஹெட்ஃபோன் கம்பி மேல், தலை குனிந்ததில் கழன்று விழுந்த கடைக்குட்டியின் முதுகு வலை வழியாக உள்ளே வரைக்கும். வெள்ளமென்றால் வெள்ளம், நான் பார்த்த எந்தப் பம்ப்பும் அப்படி இறைத்ததில்லை.

"நான் இல்லீங்க! நான் எங்கயுமே இல்ல!" என்று கத்தினாள். தன்னைக் காணோம் என்று இவ்வளவு குதூகலப்பட்ட ஆளை உலகம் பார்த்திருக்காது.

கண்ணைத் துடைத்த கையோடு ஃபோனை எடுத்தாள். கோரஸில் அவளுக்குப் பின்னால் நின்றவளை நாங்கள் ஒட்டகம் என்போம்; அவளும் என் மனைவியைச் சுண்டெலி என்பாள். வருஷத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்கிற பழக்கம். அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் இருவரும் வாயே திறந்ததில்லை.

"ஏய் ஒட்டகம், அன்னிக்கு மாஸ்டர் ஒரு குரல் துருத்துதுன்னாரே, அது நான் இல்லடி!"

அந்தப் பக்கத்திலிருந்து எனக்கும் கேட்கிற அளவுக்கு ஒரு கத்தல்.

"நீ எதுக்குடி நீயா இருக்கப் போறே? அது நான்ல! பின்னால நிக்கறேனே, மைக்குக்கு எட்டணுமேன்னு கத்திட்டேன், அதான் அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடல!"

"உன்னையும் கூப்பிடலையா?"

"யாரையுமே கூப்பிடல. கீபோர்டு ஒண்ணு வாங்கிட்டாங்களாம். ஒரு விரலால அமுக்கினா எட்டுப் பொம்பளைங்க மாதிரி 'ஆ'ன்னு சொல்லுமாம். உன் பக்கத்துல நின்ன நம்ம பொடிக்கண்ணிகூட துருத்தினது தான்தான்னு சாகற வரைக்கும் புலம்பினா. உனக்குத் தெரியாதா?"

என் மனைவி மெல்ல உட்கார்ந்தாள். பிறகு, "ஒட்டகம், நாளைக்கு வா. வந்து நீயே கேளு," என்றாள்.

மறுநாள் ஒட்டகம் வந்தாள். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்துவந்தது பழக்கத்தால்தான். முதுகு இப்போது தானாகவே குனிந்திருந்தது. கடைக்குட்டி துணி போர்த்தி ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தான். மூத்தவன் போதும் என்றேன். "அவன் வேண்டாம், அவன் ஆளைப் பிரிச்சுக் காட்டறவன்," என்று என் மனைவி பழுப்பு நிறத்தவனைக் கொண்டுவந்தாள். நடு மாப்பிள்ளைக்கு அன்று வாழ்வு வந்தது.

ஆளுக்கு ஒரு காதாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஒட்டகம் நாற்காலியில், சுண்டெலி பக்கத்தில் நின்றுகொண்டு. அப்போதுதான் இருவர் தலையும் ஒரே மட்டத்துக்கு வந்தது. 'ஆ' வந்தது. முதல் தடவை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். ஒட்டகம் தன்னைத் தேடினாள். காணவில்லை. "பொடிக்கண்ணியும் இல்லடி," என்றாள். "அவளும் இல்ல." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் தடவை யாரும் வாயைப் பொத்தவில்லை. இருவரும் சேர்ந்து பாடினார்கள். ஒருத்திக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை, இன்னொருத்திக்கு மூச்சு எட்டவில்லை. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க, அந்தத் தங்கக் காது சொல்லட்டும். யாரு துருத்துறா?"

"ரெண்டு பேருந்தான். தெருக்கோடியில போறவன் நின்னு பாத்துட்டுப் போறான், எந்த வீட்ல என்ன கொலையோன்னு."

"அப்படியா?" என்றாள் என் மனைவி. ஒட்டகத்தை இடித்துக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, அதே நாற்காலியில் தானும் ஒண்டிக்கொண்டாள். "சத்தத்த இன்னும் கொஞ்சம் கூட்டுங்க. மறுபடியும் போடுங்க."