இரண்டு விண்ணப்பம், இரண்டு பூண்டுச் சடை

மலைக்கு உள்ளே கிடக்கிற கூக்கால் ஊர்ச் செல்லப்பாண்டிக்குக் கொடைக்கானலில் ஒரு வேலை வேண்டும். என்ன வேலை என்பதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. தங்க ஓர் அறை வேண்டும், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஆஸ்பத்திரி வேண்டும், அவ்வளவுதான். போன வருஷம் தலைப்பிரசவத்துக்கு பெண்டாட்டி முருகம்மாளை டோலி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில் பூம்பாறை தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. இப்போது அவளுக்கு மறுபடியும் ஆறு மாதம், தையில் பிரசவம். அந்த அறுபத்திரண்டாம் வருஷத்தில் கூக்காலுக்குப் பஸ் ஏது, கிஸ் ஏது? இந்தப் பிள்ளையையும் பாதையில் பறிகொடுப்பதில்லை என்று வெள்ளனே கிளம்பி வந்துவிட்டான்.

தபாலாபீசுக்கு எதிரே டைப் அடிக்கும் சுவாமிநாதன், பழனியிலிருந்து மலைக்குப் புதிதாக வந்தவர். எந்த ஊர்க்காரன் படியேற வந்தாலும் “உங்க ஊரு ஆளெல்லாம் நம்ம கடைதான்” என்று சொல்லிப் பஞ்சாமிர்தம் விற்ற வீட்டுப் பிள்ளை. விண்ணப்பத்தையும் அப்படித்தான் அடிப்பார், வாங்குகிறவன் முகத்தைப் பார்த்து. செல்லப்பாண்டி அவரிடம்தான் போய் நின்றான்.

“ஏலே, ஓட்டலுக்கு ஒண்ணு, பள்ளிக்கூட ஹாஸ்டலுக்கு ஒண்ணு. பூண்டு வெவசாயியை வெச்சு ஓட்டல்காரன் என்ன பண்ணுவான்? அங்க நீ எட்டு வருஷம் சமையக்கட்டுல இருந்தவன். ஹாஸ்டலுக்கு எட்டு வருஷம் பூந்தோட்டம் போட்டவன்.”

“ரெண்டும் நான் இல்லீங்களே அய்யா?”

“வேலை கெடச்சப்புறம் நீயா இருந்துக்க. யாரு வேணாங்கறா?”

மனுஷர் கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். செல்லப்பாண்டிக்கோ இங்கிலீஷ் சுட்டுப்போட்டாலும் வராது. அவர் கை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

வேலை கேட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு போவது கூக்காலில் வழக்கமில்லை. அதற்கென்றே முருகம்மாள், அடுப்புப் புகையில் உலர்ந்த பூண்டைத் தாளோடு சடையாகப் பின்னி, நுனியில் பழைய சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்துக் கட்டி, இரண்டு சடை கொடுத்துவிட்டிருந்தாள். ஓட்டலில் ஒன்று, ஹாஸ்டலில் ஒன்று என்று விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினான்.

ஓட்டல் மேனேஜர் சேனாதிபதியும் ஹாஸ்டல் சூப்பிரண்டு விசாலாட்சி அம்மாளும் புருஷன் பெண்டாட்டி. ஊரே அறிந்த இந்தச் சங்கதி சுவாமிநாதனுக்கு மட்டும் தெரியாது. அன்று சாயங்காலமே இரண்டு சடையும் ஒரே அடுக்களையில் தொங்கின.

மறு வாரம், பூம்பாறை வரை வந்துபோகும் முட்டைக்கோஸ் லாரிக்காரனிடம் சொல்லியனுப்பினார்கள். செல்லப்பாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டில் போய் நின்றான். சேனாதிபதி இரண்டு விண்ணப்பத்தையும் மேசைமேல் விரித்தார்.

“உங்க ஊர்ல ரெண்டு செல்லப்பாண்டி இருக்காங்களா? ஒருத்தன் குக்கு, ஒருத்தன் கார்டனர். அப்பா பேரு மட்டும் ஒண்ணா இருக்கு.”

விசாலாட்சி அம்மாள் உள்ளே போய் இரண்டு சடையையும் எடுத்து வந்தாள். அந்த அம்மாளுக்குக் கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“இதை யாருப்பா பின்னினது?”

அப்பாடா, பதில் தெரிந்த கேள்வி ஒன்று வந்ததே! “எஞ் சம்சாரந்தாங்கம்மா. அவ பின்னினா ஒரு பல்லு உதிராது” என்றான், முகமெல்லாம் பூரிப்பாக.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகலைன்னுல்ல எழுதியிருக்கு?” என்றார் சேனாதிபதி.

தனியாளைத்தான் கூப்பிடுவார்கள் என்று சுவாமிநாதன் தன் கைச்சரக்காகச் சேர்த்தது அது. செல்லப்பாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சமையல்காரன் என்றதைத் தாங்கிக்கொண்டான், தோட்டக்காரன் என்றதையும் தாங்கிக்கொண்டான். இதைத் தாங்க முடியவில்லை.

“அவளுக்காகத்தானேம்மா வந்தேன்! அவளையே இல்லன்னு எழுதிட்டாரா?” என்று கேட்டான். டோலி, பூம்பாறை, அழாத பிள்ளை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

சேனாதிபதி நல்ல மனுஷர். “பாத்திரம் கழுவுற வேலை ஒண்ணு இருக்குப்பா. தனியாளுங்க தங்குற ரூம்தான். சம்சாரம் ஊர்லயே இருக்கட்டும், நீ நாளைக்கே வந்துரு” என்றார்.

கேட்டு வந்த வேலை கைக்கு வந்துவிட்டது. ஆனால் முருகம்மாள் அங்கே, அந்த மலைக்கு அப்பால். “வேணாங்கய்யா” என்று கும்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசற்படி இறங்கினான்.

“நில்லுப்பா” என்றாள் விசாலாட்சி அம்மாள். “நெசமா என்ன தோட்டம் போடுவ?”

“பூண்டு, உருளக்கெழங்கு, பீன்ஸு. பூச்செடி ஒண்ணும் தெரியாதுங்கம்மா.”

“பின்னே, பிள்ளைகளுக்கு நான் பூவையா பொரியல் பண்ணிப் போடுறது? ஹாஸ்டல் பின்னாடி நெலம் சும்மா கெடக்கு. கேட்டை ஒட்டி ஒரு தகர ரூம் இருக்கு. ஒழுகும்.”

“ஒழுகட்டுங்கம்மா!”

“ஒழுக விடாத, ஓட்டையை அடை. புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கப்போற எடம். இந்த வாரமே கூட்டிட்டு வந்துரு.”

லாரி பிடிக்க ஓடியவனைத் தபாலாபீஸ் எதிரே சுவாமிநாதன் மடக்கினார். “ஏலே, எது பலிச்சுது? சமையலா, பூந்தோட்டமா?”

வழியெல்லாம் அவருக்கென்று நல்ல வசவாகச் சேர்த்து வைத்திருந்தான். அந்த ஆவலான முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“எல்லாம் எழுதினீங்க அய்யா, எம் பொண்டாட்டிய மட்டும் விட்டுட்டீங்க. அவதான் வேலை வாங்கிக் குடுத்தா.”