விளக்குப் போடாமல் சோதித்த வயர்

14-11-1996, வியாழன்

இன்று ஒரு வயரின் நுனிக்கு டேப் சுற்றாமல் விட்டேன். தவறு அவ்வளவுதான், விரல் நீளம்கூட இல்லை. வரிசையாக எழுதினால் எங்கே புத்தி தவறியது என்று தெரியலாம்.

பருத்திப்பட்டில் நான் வேலை செய்யும் கார் ஸ்டீரியோ கடைக்கு மதியம் கலியமூர்த்தி சார் வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர், பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறார். அதிலிருக்கும் ரேடியோவை எடுத்துவிட்டு, கேசட் செட்டும் பெரிய ஸ்பீக்கர்களும் போடவேண்டும். சாயங்காலமே மனைவி, மகளோடு ஆற்காட்டுக்குக் கிளம்புகிறார். குமணன்சாவடியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பெங்களூர் ரோட்டைப் பிடிப்பதாகச் சொன்னார்.

ஸ்பீக்கருக்குத் தனியாகப் புது வயர் இழுக்கலாமா என்று முதலாளி தேவராஜ் அண்ணனைக் கேட்டேன்.

"கம்பெனி வயரு கல்லு மாதிரி கீது. அத்த வுட்டுட்டு கார்ப்பெட்டப் பிரிச்சிகினு குந்தினா அந்தாளு எப்ப ஊருக்குப் போறது, பொங்கலுக்கா? பிளக்க வெட்டு, முறுக்கு, டேப்ப சுத்து. படிக்கிற புள்ளன்னு பேரு, கேள்விதான் ஜாஸ்தி உனக்கு."

பழைய ரேடியோவின் பின்னால் வயர்களெல்லாம் சேரும் பிளக்கை வெட்டினேன். ஸ்பீக்கர் வயர்களை ஒரு டார்ச் செல்லில் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் 'டக்'கென்று சத்தம் வந்ததோ அதைச் சீட்டில் எழுதி ஒட்டினேன். மற்றவற்றை, கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் லைட் வைத்துக் கண்டுபிடித்தேன். கடைசியில் பச்சை வயர் ஒன்று மிஞ்சியது. டெஸ்ட் லைட் எரியவில்லை. சாவியைத் திருப்பிப் பார்த்தேன், அப்போதும் எரியவில்லை. செத்த வயர் என்று முடிவு செய்து, நுனிக்கு டேப் சுற்றாமலே ஸ்பீக்கர் வயர்களோடு சேர்த்துக் கட்டி, டேஷ்போர்டுக்குள் தள்ளிவிட்டேன். பாட்டு பிரமாதமாக வந்தது. கலியமூர்த்தி சார் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பூந்தமல்லியில் மாலை வகுப்பு. வெட்டிய பிளக் சட்டைப் பையிலேயே இருந்தது. ரகுநாதன் சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்க, நான் அதை மேசைக்குக் கீழே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டியதால் யாரோ எழுந்து போய் ட்யூப் லைட்டைப் போட்டார்கள். வெளிச்சம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் காரின் விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தப் பச்சை வயர் ரேடியோவின் முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது. விளக்கு சுவிட்சைப் போட்டால்தான் அதில் கரண்ட் வரும். பின்பக்கச் சிவப்பு விளக்குகளுக்கும் அதற்கும் ஒரே பியூஸ். மொட்டை நுனி காரின் தகரத்தில் பட்டால் பியூஸ் போகும், பின்விளக்கு அணையும். முன்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் வரும் லாரிக்காரனுக்குக் காரே தெரியாது.

எழுந்துவிட்டேன். "என்னப்பா, வயித்து வலியா?" என்றார் சார். ஆமாம் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

குமணன்சாவடி பங்க்கில் கார் இல்லை. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் வேம்புலியிடம் கேட்டேன்.

"வெள்ளக் காரா? ஊருக்கே கேக்கற மாதிரி பாட்டு போட்டுகினு வந்துச்சே? பின்னால லைட்டு அவுட்டு. நாந்தான் நிறுத்திச் சொன்னேன். பியூசு பூட்ச்சி. சிகரெட்டு பாக்கெட்டு வெள்ளிப் பேப்பர சுத்திப் போட்டேன், ஜம்முனு எரிஞ்சிது. இப்பதான் போறாரு. இன்னா மச்சான், மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது?"

பின்விளக்கு எரிகிறது. ஆனால் இனி அந்த நுனி தகரத்தில் பட்டால், வெள்ளிப் பேப்பர் சுற்றிய பியூஸ் போகாது. வயர்தான் பழுக்கும். டேஷ்போர்டுக்குள், முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முழங்காலுக்கு எதிரே. அடுத்த பள்ளம் வரைக்கும்தான் நேரம்.

சொன்னேன். வேம்புலி கையிலிருந்த டயரை அப்படியே போட்டுவிட்டு, பஞ்சர் ஒட்டி முடித்துக் கிளம்பிய லாரியை ஓடிப்போய்த் தட்டினான். "அண்ணாத்தே, இந்தப் புள்ளய ஏத்திக்க! மேற்கால போற வெள்ளக் கார புடி!"

"இன்னாபா, பொண்ணு ஓடிப் போச்சா?" என்று டிரைவர் சிரித்தார். கார் தீப்பிடித்துவிடும், உள்ளே குழந்தை இருக்கிறது என்றேன். அவர் கியரை மாற்றி லாரியை விரட்டினார்.

முன்னால் தெரிந்த ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் அந்தக் கார்தான் என்று நினைத்தேன். நெருங்கினால் வேறு வண்டி. லாரி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும், அந்தப் பள்ளத்தில் அவர்களும் இறங்கியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். நசரத்பேட்டை தாண்டியது. வேறு வேலை கிடைக்குமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்காக இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

செம்பரம்பாக்கம் பக்கம் சாலையோரத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. ஒரு விளக்குகூட எரியவில்லை. நான்கு கதவும் திறந்திருந்தன. லாரி நிற்பதற்குள் குதித்துவிட்டேன். காரைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் தேடினேன். புளியமரத்தடியில் மூன்று பேரும் இருந்தார்கள். குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"பாட்டு பட்டுன்னு நின்னுடுச்சு தம்பி," என்றார் கலியமூர்த்தி சார். "அதுக்குள்ள செட்டு போச்சான்னு உன்னைத் திட்டிக்கிட்டேதான் ஓரம் கட்டினேன். அப்புறம்தான் பொகை வந்துச்சு. பேட்டரி வயரைப் புடுங்கி எறிஞ்சேன்."

உருகிய பச்சை வயர், கூடவே கட்டியிருந்த ஸ்பீக்கர் வயர்களையும் சுட்டிருக்கிறது. அதனால் பாட்டு நின்றது. அவற்றைச் சேர்த்துக் கட்டியதும் நான்தான். தனியாகக் கட்டியிருந்தால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்திருக்குமோ என்பதை இப்போது நினைக்கவே பயமாக இருக்கிறது.

"அந்த பஞ்சர் கடைக்காரன் போட்ட பேப்பர்தான் காரணம்," என்றார் சார்.

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். "இல்ல சார். பச்சை வயருக்கு நான் டேப் சுத்தல," என்றேன்.

அவர் மனைவி சுசீலா அக்காதான் பேசினார். "இவ என் மடியில உக்காந்திருந்தா தம்பி." அவ்வளவுதான் சொன்னார்.

ஒரு டெம்போக்காரர் கயிறு கட்டி இழுத்துவந்து காரைக் குமணன்சாவடியில் விட்டார். ஆவடி பஸ்ஸில் ஏறும்போது கலியமூர்த்தி சார் திரும்பினார். "காலையில நீயே வந்து பிரி. நான் பக்கத்துல நிப்பேன்."

தேவராஜ் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்லவேண்டும்.

நாளைய வேலை: கருகிய கட்டு முழுவதையும் வெளியே எடுப்பது. கார்ப்பெட்டைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குப் புது வயர் இழுப்பது. சரியான பியூஸ் போடுவது. விளக்கு சுவிட்சைப் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நுனியையும் சோதித்து டேப் சுற்றுவது. பச்சையிலிருந்து தொடங்குவது.