அழிக்கும் பொத்தான்

ஒன்றாம் ஆண்டு வகுப்புத் தரையில் ஊர்ப்படம் வரைந்த விரிப்பைப் போட்டார் கருணாகரன் ஆசிரியர். பொம்மை வண்டின் முதுகிலிருக்கும் அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி, அதை அவரவர் வீட்டுக்கு அனுப்பவேண்டும்.

லோஷினி பழக்கத்தில் காஜா பேராங்கிலிருந்த பழைய வீட்டுக்கே அனுப்பினாள்.

"ஏய், நீதான் அப்பாகூட புக்கிட் ரம்பாய் போயிட்டியே லா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அம்மா மட்டும் பழைய வீட்டிலேயே இருந்தாள்.

வண்டைத் திரும்ப எடுத்துவந்து புது வழியை அழுத்தினாள். அது மறுபடியும் பழைய வீட்டுக்கே போனது. பிறகு திரும்பி, விரிப்பைத் தாண்டி ஓடியது.

"பழசை அழிச்சிட்டுத்தான் புதுசு போடணும்மா," என்றார் ஆசிரியர்.

"அழிச்சா, அம்மா வீட்டுக்குப் போற வழி அதுக்கு மறந்துருமா சார்?"

ஆமாம் என்பதுதான் அன்றைய பாடம். கருணாகரன் வண்டை எடுக்கச் சுவர்ப்பக்கம் நடந்தார். வண்டு சுவரில் முட்டி உறுமிக்கொண்டிருந்தது.