நாலாம் நம்பர் சட்டை

மேல்மாடியில் தையல் மிஷின் நின்றது. ரேடியோவில் இரைச்சல் நிற்கவில்லை.

மீட்டர்காரர் கொஞ்ச நேரம் நம்பாமல் உட்கார்ந்திருந்தார். மணி மூன்று இருபது. மூன்றரைக்கு ஆட்டம். ரேடியோவைச் சன்னல் பக்கம் திருப்பினார், சுவர்ப் பக்கம் திருப்பினார், கவிழ்த்து வைத்த பாத்திரத்தின் மேல் தூக்கி வைத்தார். ஏ.எம். ரேடியோவுக்கு அப்படி ஒரு பிடிவாதம் உண்டு, எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்காரவேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும். எல்லாப் பக்கமும் ஒரே கதைதான். சூடான வாணலியில் ஈரத்தோடு எதையோ அள்ளிப் போட்ட மாதிரி ஓயாத ஒரு பொரிச்சல், அதற்கடியில் எங்கோ ஆழத்தில் ஒரு மனிதக் குரல். ஊர் அணி ஆடுகிற கால்பந்தை ஒலிபரப்ப அந்த ஒரு நிலையம்தான் இருந்தது. டிவிக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. செய்தித்தாளில் செவ்வாய்க்கிழமை ஒரு மூலையில் இரண்டு எண்கள் வரும், யார் எத்தனை கோல் என்று. விழுந்தவன் எழுந்தானா என்றெல்லாம் அதில் இருக்காது.

அவருக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். விழுந்தவன் எழுந்தானா?

போன ஞாயிறு எழுபதாவது நிமிடம். அந்த வர்ணனையாளருக்கு ஆட்டக்காரர்களின் முகம் தெரியாதோ, பெயர் நினைவில் நிற்காதோ, எல்லோரையும் சட்டை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "நாலு விழுந்துவிட்டார்," என்றார். பிறகு பொரிச்சல். "முழங்கால்" என்ற மாதிரி ஒரு சொல். மறுபடியும் பொரிச்சல். "தூக்கிக்கொண்டு" என்று ஏதோ வந்தது, அவ்வளவுதான். நாலு அவருடைய மகன். அந்த ஏழு நாளும் அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

மைதானம் இரண்டு பஸ் தூரம், போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று யாருக்கும் தோன்றும். போகமுடியாது. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை மனிதர் ஒரு ஆட்டம் விடாமல் போனவர்தான். கோட்டோரம் நின்றுகொண்டு தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவார். மற்ற அப்பாக்கள் கைதட்டுவார்கள், இவர் ஏசுவார். "தூங்கறியா, காலை எடுடா," என்பதுதான் அதில் மரியாதையான வசனம். ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும், முழு அணியும் நின்று பார்க்க, மகன் நேராக வந்து, "இனிமே கிரவுண்டுக்கு வராதீங்கப்பா," என்றான். இவர் சும்மா போயிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "வரலை. கூப்பிடவும் மாட்டேன். வேணும்னா நீ கூப்பிடு," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். சொன்ன சொல்லை இரண்டு பேரும் காப்பாற்றிவிட்டார்கள். அப்பனுக்கும் பிள்ளைக்கும் அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர் அவர். கதவு திறக்கும், உள்ளே போவார், குனிவார், எண்ணைப் பார்ப்பார், எழுதிக்கொள்வார், வெளியே வந்துவிடுவார். நிமிர்ந்தால் பேச்சு வளரும் என்று யார் முகத்தையும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்து, இந்த ஒற்றை அறை வீட்டுக்கு வந்த பிறகுதான் பேச்சு வளர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது. அப்போது அவரைப் பார்க்கக் கதவைத் தட்ட யாரும் இல்லை.

இரைச்சல் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. அதே வாரம்தான் மேல்மாடித் தையல்காரம்மா தன் மிஷினுக்கு மோட்டார் மாட்டினாள். அவர் இரண்டையும் கூட்டினார், விடை வந்துவிட்டது. புதன்கிழமை மேலே ஏறிப்போய், வாசலில் நின்றபடியே, உன் மோட்டாரால் என் ரேடியோ நாசமாய்ப் போகிறது என்று ஆரம்பித்து, அக்கம்பக்கத்தாரைப் பற்றிய யோசனை என்று ஒன்று வேண்டாமா என்பதுவரை கொட்டித் தீர்த்தார். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி முழுவதையும் கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்றேகாலுக்கு நிறுத்துகிறேன், ஐந்தரை வரைக்கும் தொடமாட்டேன், போதுமா என்றாள். அவர் சண்டைக்குத் தயாராகப் போனவர், அது கிடைக்காமல் திரும்பி வந்தார்.

இப்போது கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அளவு நாடாவோடு அவள்தான்.

"என் மிஷின் தூங்குதுண்ணே. உங்க ரேடியோ இன்னும் பொரிச்சுக்கிட்டுல்ல இருக்கு? மாடிப்படி வரைக்கும் கேக்குது."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ரேடியோ பாட்டரியிலா ஓடுகிறது என்று கேட்டாள். ஆமாம் என்றதும் விறுவிறுவென்று போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கூடவே இரைச்சலும் போய்விட்டது. "ஏழாவது நிமிடம், இன்னும் கோல் இல்லை," என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல ஒரு குரல் கேட்டது.

"உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு சனியன்," என்றாள் தையல்காரம்மா.

மறுபடி மெயினைப் போட்டதும் பொரிச்சல் திரும்பி வந்தது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ், இல்லை. குழல்விளக்கு, இல்லை. மின்விசிறி, அதுவும் இல்லை. மீதி இருந்தது அலமாரி மேல் கார்ட்லெஸ் ஃபோன். மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதன் பழைய அடாப்டர் கருகிப்போய், ஒரு மாதத்துக்கு முன்பு நடைபாதைக் கடையில் மலிவாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். ஒரு மாதம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அவள் கை போவதைப் பார்த்ததும், "அது வேண்டாம்மா," என்றார்.

அதற்குள் பிடுங்கிவிட்டாள். ஃபோனின் சிவப்பு விளக்கு அணைந்தது. ரேடியோ துடைத்துவிட்டாற்போல் சுத்தமானது.

"நாலு பந்தை வெளியே தட்டிவிட்டார்," என்றார் வர்ணனையாளர்.

மீட்டர்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஆடுகிறான். நல்லா இருக்கான். ஏழு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. அடுத்த மூச்சை இழுப்பதற்குள் அந்த ஆள் தொடர்ந்தார்: "நாலாம் நம்பர் சட்டையில் இன்று புதுப் பையன். பழைய நாலு எங்கே என்கிறீர்களா? இதோ, முழங்காலில் கட்டோடு என் பக்கத்து நாற்காலியில். இந்தப் பருவம் முழுக்க ஓய்வு. எப்படி இருக்குப்பா, மேலேயிருந்து பார்க்க?"

ஒரு இருமல். பிறகு, "நல்லாத் தெரியுது சார்," என்றான் மகன்.

இரண்டு வருடம். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. தையல்காரம்மா ரேடியோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"யாருண்ணே?"

"என் பையன்."

அவள் ஃப்ரிட்ஜையும் மின்விசிறியையும் திரும்பப் போட்டுவிட்டு, ஃபோன் வயரை மட்டும் அவர் கையில் கொடுத்தாள். கதவருகே போனவளிடம் அவர், மிஷினை ஓட்டிக்கொள்ளச் சொன்னார், தப்பு தன் மேல்தான் என்றார். வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தால் அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ரேடியோவில் மகன் அவ்வப்போதுதான் பேசினான். எதிரணியின் இடது பக்கம் ஓட்டையாக இருக்கிறது என்றான். புதுப் பையன் பயப்படுகிறான், பழகிவிடும் என்றான். அவர் அசையாமல் கேட்டார். இவன் இவ்வளவு கவனித்து ஆடுகிறவன் என்று, தான் கத்திய கத்தலில் ஒரு நாளும் தெரிந்துகொள்ளவில்லையே என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன்பு வர்ணனையாளர், கூட்டத்தின் சத்தம் ஆட்டக்காரர்கள் காதில் விழுமா என்று கேட்டார்.

"கூட்டம் விழாது சார். ஒரு குரல்தான் விழும். எனக்கு ஒண்ணு இருந்துச்சு, கோட்டோரம். ரெண்டு வருஷமா இல்ல. இன்னும் பந்து வந்தா அந்தப் பக்கம் திரும்பிடறேன்."

விசில் ஒலித்தது. விளம்பரம் வந்தது.

இடைவேளை பதினைந்து நிமிடம். அவர் வயரைச் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது, பொரிச்சல் வந்து அறையை நிறைத்தது. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவனுக்கு வேலை ஒன்றும் இல்லை, கையில் ஃபோன் இருக்கும், நினைத்தால் கூப்பிடலாம். மேலே மிஷின் கடகடவென்று ஓடி நின்றது, ஓடி நின்றது. பதினைந்து நிமிடமும் போயிற்று. ஃபோன் அடிக்கவில்லை.

பொரிச்சலுக்கு அடியில் இரண்டாம் பாதி தொடங்கியது. மகன் ஏதோ சொன்னான், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வயரைப் பிடுங்கினால் அவன் குரல் கேட்கும். இன்னும் முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கலாம். கை பிளக் வரைக்கும் போயிற்று. பிடுங்கவில்லை. எண்களை மறக்கிற ஆளா அவர்? பத்து எண்களையும் நிதானமாக, மீட்டரில் படித்து எழுதுகிறமாதிரி ஒவ்வொன்றாக அழுத்தினார்.

வலது காதில் மணி போயிற்று. ஒன்று. இரண்டு. மூன்றாவது மணிக்கு, எதிரே ரேடியோவில், அத்தனை பொரிச்சலையும் தாண்டி, ஒரு ஃபோன் அலறுவது கேட்டது. "யாருப்பா அது, ஃபோனை அணைக்காம," என்று வர்ணனையாளர் ஆரம்பித்தார்.

ரேடியோவில் மணி பாதியில் நின்றது. காதிலும் நின்று, அதே இருமல் கேட்டது.

மீட்டர்காரர் இடது கையை நீட்டி, ரேடியோவின் திருகைப் பிடித்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்.