பச்சை பூசிய பம்பு

கிடங்குத் தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் அந்தச் சாப்பாட்டுக்கடையில்தான் சாப்பிட்டார்கள். கடைக்காரர் கல்லாவில் இருப்பார். சமையல் முழுக்க அவர் மனைவி. அவளுடைய தம்பியும் மூட்டை தூக்குகிறவன்தான். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்வதால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர்.

"அக்கா, உன் குழம்பை விட உன் பம்புத் தண்ணிதான் ருசி."

"அப்ப அதையே குடிச்சுட்டுப் போ. சோறாவது மிஞ்சும்."

ஒரு நாள் சுகாதாரத்துறைப் பெண் ஒருத்தி வந்தாள். கொல்லையிலிருந்த கைப்பம்பின் தண்ணீரைச் சோதித்துவிட்டு, அதன் கழுத்தில் சிவப்பு வண்ணம் அடித்தாள்.

"இதுல ஆர்சனிக் இருக்கு. விஷம். உடனே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா உடம்புல இறங்கும். குடிக்காதீங்க, சமைக்காதீங்க."

"நாங்க கொதிக்க வெச்சுத்தாங்க தர்றோம்" என்றார் கடைக்காரர்.

"கொதிச்சா தண்ணிதான் வத்தும். விஷம் அப்படியே இருக்கும். அதுல வேகுற சோத்துலயும் ஏறும். மேட்டுத் தெரு பம்புக்குப் பச்சை அடிச்சிருக்கோம், அங்க பிடிச்சுக்கங்க."

மேட்டுத் தெரு தூரம். கடைக்கு வேண்டிய தண்ணீரை அங்கிருந்து சுமந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். மறுநாள் கடைக்காரர் ஒரு டப்பா பச்சை வண்ணம் வாங்கிவந்து சிவப்பின் மேல் பூசினார்.

"என்னங்க இது, பாவமில்லையா?"

"வாயை மூடு. இத்தனை வருஷமா குடிக்கிறோம், யாரு செத்தா? வெளிய தெரிஞ்சா ஒருத்தன் படியேற மாட்டான். அப்புறம் ஊரான் வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போறியா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு மட்டும் மேட்டுத் தெருவிலிருந்து ஒரு குடம் சுமந்துவந்தாள். தம்பியிடம், "இந்தக் குடத்துல குடிடா" என்று சொல்லிப் பார்த்தாள்.

"சப்புன்னு இருக்குக்கா" என்று அவன் பம்புக்குப் போய்விட்டான். காரணம் சொன்னால் கிடங்கு முழுக்கப் பரவிவிடும். அவள் சொல்லவில்லை.

சில வருடங்களில் அவன் உள்ளங்கையில் மிளகு மிளகாகத் தடித்தது. மார்பில் மழைத்துளி தெறித்த மாதிரி கரும்புள்ளிகள். கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவேயில்லை.

"மூட்டை தூக்குறவன் கை பூ மாதிரியா இருக்கும்? காய்ப்புடி" என்றார் கணவர்.

"மூட்டையை மார்புலயா தூக்குறான்?"

அவர் கல்லாவுக்குப் போய்ச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார்.

அன்று மதியம் கடை நிரம்பியிருந்தபோது அவள் அடுப்பை விட்டு எழுந்துவந்தாள். "யாரும் சாப்பிடாதீங்க. தண்ணியில விஷம். சோறும் அதுலதான் வெந்தது."

கணவர் சிரித்தார். "இவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு."

அவள் கொல்லைக்குப் போய்க் கரண்டிக் காம்பால் பம்பைச் சுரண்டினாள். பச்சை உரிந்து சிவப்பு தெரிந்தது. பின்னாலேயே வந்து பார்த்தவர்களில் ஒருவன் அவள் காலடியில் துப்பினான். ஒருவன் தட்டைத் தூக்கி எறிந்தான். எல்லாரும் போனபிறகும் தம்பி மட்டும் நின்றான்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

அவள் தலை குனிந்தாள்.

"அந்தக் குடம்... அதுக்குத்தானா?"

"உன்னையும் குடிக்கச் சொன்னேனேடா."

"சொன்னே. ஏன்னு சொல்லலை."

அதற்குப்பின் அவன் அந்தப் பக்கமே வரவில்லை. கடைக்கு வேறு யாரும் வரவில்லை. புண் புற்றாகி அவன் விரலை எடுத்துவிட்டார்கள் என்று யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. மேட்டுத் தெருத் தண்ணீரில் சமைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கட்டிலருகே நின்ற நர்ஸ் அவனைக் கேட்டாள், "இவங்க உங்க சொந்தமா?"

அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். "இல்லைங்க. முன்னாடி இவங்க கடையில சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அவள் அப்படியே வீடு திரும்பினாள். கணவர் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். "தொடலையா? வீணாப் போகக்கூடாது" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.