கன்னத்தில் வைத்த கை

செப்புத் தகட்டில் ஊசியால் கீறி எடுத்த அச்சுப்படம் அது. கீறும்போது கோட்டோரம் எழும்பும் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு, தாளில் வெல்வெட் போலக் கருப்பாக இறங்கும். படத்திலிருந்த இசையமைப்பாளரின் தாடி முழுக்க அந்தக் கருப்புதான். கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அருங்காட்சியகத்தின் அந்த அறையில் கண்ணாடி போடாத தாளின் மேல் குனிந்து யாரும் வாய் திறக்கக் கூடாது. படங்களைச் சரிபார்க்கும் அவளும் அப்படித்தான் வாய் மூடிக் குனிந்திருந்தாள், லென்ஸும் கையுமாக. படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இவரு பாட்டுப் போடறவரா, பல் டாக்டருக்குக் காத்திருக்கறவரா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அடுத்த நொடியே வாயைப் பொத்தினாள். அதற்குள் எச்சில் தெறித்திருந்தது. உதட்டில் அந்த ஈரத்தை உணர்ந்தாள். எங்கே விழுந்தது? லென்ஸை நெற்றியில், கையில், தாடியில் நகர்த்தினாள். தாள் குடித்துவிட்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. இப்போதே சொன்னால் அறைப் பொறுப்பாளர் மேடம் கறை படியாமல் ஏதாவது செய்யக்கூடும். கண்ணாடிக்குள் போய்விட்டால் சில வருடங்களில் அங்கே பழுப்புப் புள்ளி எழும்பும்.

போன மாதம்தான் ஒரு படத்தின் மூலை அவள் கையில் மடங்கியது. "இன்னொரு தடவை ஆச்சுன்னா இந்த மேஜை உனக்கு இல்லம்மா" என்று மேடம் குரலை உயர்த்தாமலே சொல்லியிருந்தார்.

அண்ணன் பார்க்கவில்லை. வேறு யாருக்கும் தெரியாது. அந்த நிம்மதி வந்த வேகம்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. தனக்குள் இப்படி மறைக்க ஒருத்தி தயாராக உட்கார்ந்திருக்கிறாளா? நாளையிலிருந்து சுவரில் தொங்கும் இந்த முகத்தைக் கடக்கும்போதெல்லாம் புள்ளியைத் தேடுவாள். அது வரும்வரை தேடுவாள்.

படத்திலிருந்தவர் அவளைப் பார்க்கவில்லை. அதுவும் பொறுக்க முடியாததாக இருந்தது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? மூடிடலாமா?" அண்ணன் கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கியிருந்தார். "மேடம் ரெண்டு தடவ கேட்டாச்சு."

மேஜை விளிம்பைப் பிடித்தபடி, தாளிலிருந்து முகத்தை முழுவதுமாகத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகே வாயைத் திறந்தாள்.

"மூடாதீங்கண்ணா. மேடத்தைக் கூப்பிடுங்க."